ராத்திரியில் வெயில் அடிக்கும் அறை

எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பக்கமாக ஒரு படுக்கையறை இருக்கிறது. அதைப் பற்றி என் மாமியார் பல வருடங்களாக ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி வந்தார்: “இந்த ரூமுக்கு ராத்திரிதான் வெயில்.” அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பகலில் அந்த அறையில் ஓரளவு உட்கார முடியும். வெளியே இருட்டி, காற்றும் கொஞ்சம் குளிர்ந்த பிறகுதான் உள்ளே புழுக்கம் ஏறும். நள்ளிரவு தாண்டினால்தான் அடங்கும். இதைச் சரியாகக் கவனித்து வைத்திருந்தவர் அத்தை ஒருவர்தான். பழைய வீட்டைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் அந்த வீட்டில் அதிக காலம் வாழ்ந்தவரிடம் பேச வேண்டும். எந்த ஜன்னலில் எந்நேரம் காற்று வரும், எந்தச் சுவர் எப்போது வியர்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டின் கீழ்த்தளம் மிகப் பழையது. செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனத்தில் சுவர்கள். மாடி பிற்பாடு கட்டியது: ஒன்பது அங்குலச் சுவர், மேலே கான்கிரீட் தளம். கீழே கோடையிலும் சமாளித்துவிடலாம், மாடியில் முடியாது. ஏசி வாங்கிவிடலாம் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய யோசனையும். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியும்வரை எதையும் வாங்கக் கூடாது. என் கணவர் முதலில் முகம் சுளித்தார். ஆனால் தளத்தைக் கழுவுவதிலிருந்து கடைசி வரை கூடவே நின்றவரும் அவர்தான்.

சுவரை நோக்கிப் பிடித்தால் அதன் மேற்பரப்பு வெப்பநிலையைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். இந்த வேலையில் இதைவிடப் பயன்பட்ட பொருள் வேறில்லை. பளபளப்பான உலோகத்தின் மேல் பிடித்தால் அது தவறாகக் காட்டும். சுண்ணாம்பு, பெயின்ட், மரம், துணி போன்றவற்றில் நம்பலாம். ஒரு கோடை இரவு எட்டரை மணிக்கு அந்த மேற்கு அறையில் பார்த்தேன். காற்று 33 டிகிரி. கிழக்குச் சுவரும் 33. மேற்குச் சுவர் 37. கூரையின் அடிப்பக்கம் 41.

எனக்கு எல்லாம் விளங்கியது அந்த 41-இல்தான். கூரைக்கும் அறையின் மற்றப் பரப்புகளுக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 வாட் வெப்பம் கதிர்வீச்சாகவே கீழே இறங்கும். அந்த அறையின் கூரை 12 சதுர மீட்டர். தலைக்கு மேல் 600 வாட் ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம் அது. பகல் முழுக்கத் தளம் வாங்கிக்கொண்ட வெயில், கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு புழுங்குகிறது. அத்தை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

நமக்கு இதமாக இருக்கிறதா இல்லையா என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970-இல் இதை ஆறு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, நாம் செய்யும் வேலை. இதில் இரண்டாவதை நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல்கூடச் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். சுற்றிலும் நம் தோலைவிடச் சூடான கூரையும் சுவரும் இருந்தால் அது எங்கே போகும்? ஏசி காற்றைத்தான் குளிர வைக்கிறது. அந்தக் காற்றைக் கூரை ஒருபக்கம் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது, நம்மையும் நேராகச் சுடுகிறது. ஆகவே மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கவும் நிம்மதியாகத் தூங்கவும் எங்களுக்கு இருந்தது ஒரே வேலைதான்: வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்துவது.

மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்தோம். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. பாசி பிடித்துக் கறுத்த கான்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பூசுவது பெரிய வேலை இல்லை, அதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்து, கழுவி, காய வைத்து, வெடிப்புகளை அடைத்து, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்து, அந்த இடத்துக்கு வாட்டம் கொடுத்து, அப்புறம்தான் பூச்சு. ஒழுகும் தளத்தின் மேல் வெள்ளை அடித்தால் அது பொரிந்து எழுந்து வந்துவிடும். பூசும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் கண் உண்மையிலேயே வலிக்கும்.

வெள்ளைக்கு இன்னொரு குணம் உண்டு. அது வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, தன்னிடம் சேர்ந்த வெப்பத்தையும் வானத்தை நோக்கித் தாராளமாக வெளியே விடும். பளபளக்கும் தகரம் வெயிலைத் திருப்பினாலும், சேர்ந்த வெப்பத்தை அவ்வளவு எளிதில் விடாது. அதனால் பார்க்க மின்னும் தகரம், வெள்ளை அடித்த தகரத்தைவிட அதிகமாகக் கொதிக்கும். ஆனால் வெள்ளையைப் பராமரிக்க வேண்டும். தூசி படியப் படிய அதன் பலன் குறையும். கோடை தொடங்கும் முன் ஒருமுறை தளத்தைத் தேய்த்துக் கழுவுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

அந்த மேற்கு அறைக்கு வெள்ளை மட்டும் போதாது என்று தோன்றியது. அதன் மேலே மட்டும் 50 மில்லிமீட்டர் கனமுள்ள எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை பரப்பி, அதன் மேல் காரை போட்டு ஓடு பதித்து, வெள்ளை அடித்தோம். வெப்பத்தைத் தடுப்பதில் அந்த 5 சென்டிமீட்டர் பலகை, 2 மீட்டருக்கும் அதிகமான கனமுள்ள கான்கிரீட்டுக்கு ஈடு. இதைத் தளத்துக்கு மேலே போடுவதில் ஒரு நன்மை இருக்கிறது. தளமே வெயிலிலிருந்து காப்பாற்றப்படுகிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பு விடுவது குறையும். உள்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறை குளிரும், தளம் மேலே வெந்துகொண்டேதான் இருக்கும். வாடகை வீடு, மாடி நமக்குச் சொந்தமில்லை என்றால் உள்பக்கம்தான் வழி, அதுவும் வேலை செய்யும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். பழைய தளத்தின் மேல் எந்தக் கனத்தை ஏற்றுவதற்கு முன்பும் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கம்பி துருப்பிடித்து அடிப்பக்கம் காரை உதிர்கிறதா என்று அவர் பார்ப்பார். மாடித் தோட்டம் போட்டால் குளிர்ச்சி என்று பலர் ஆசைப்படுகிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் கனம் ஏறும். எங்கள் தளத்துக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே சுவர் தாங்கும் இடத்தில் மட்டும் சில தொட்டிகள் வைத்திருக்கிறேன்.

அடுத்தது மேற்கு ஜன்னல். மேலே சன்ஷேடு இருந்தும் அது மாலை வெயிலுக்குப் பயன்படவில்லை. உச்சியில் இருக்கும் சூரியனைத்தான் சன்ஷேடு மறைக்கும். சாயங்காலச் சூரியன் தாழ்ந்து வந்து நேராக உள்ளே பார்க்கும். உள்ளே கனமான திரை போட்டிருந்தோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் பட்டதும் வெப்பமாக மாறிவிடுகிறது. ஒளியை எளிதாக விடும் கண்ணாடி, அந்த வெப்பக் கதிரைத் திரும்ப வெளியே விடுவதில்லை. ஆகவே திரை நம் கண்ணைத்தான் காப்பாற்றுகிறது, அறையை அவ்வளவாக இல்லை. அதே துணியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் கதையே வேறு. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டி மாட்டினோம், சுவருக்கும் தட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் சூடான காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும். சுவரின் மீதிப் பகுதிக்கும் இதே முறையில் சட்டம் அடித்து நிழல்வலை கட்டினோம். அறைக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று என் கணவருக்கு இன்னமும் வருத்தம். காலையில் தட்டியைச் சுருட்டிவிடலாம் என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

இந்த இரண்டு வேலையும் முடிந்த அடுத்த கோடையில், அதே நேரத்தில், காற்று 33 டிகிரி இருந்த ஒரு நாளில் கூரையின் அடிப்பக்கம் 35-ஐத் தாண்டவில்லை. அத்தை உள்ளே வந்து நின்று பார்த்துவிட்டு, “தலைக்கு மேல அந்த அனல் இல்லையேம்மா” என்றார். அப்போது அறையில் ஏசி கிடையாது.

கீழ்த்தளத்தில் பிரச்சினை வெயில் இல்லை, ஈரம். பின்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த கொத்தனார் அண்ணன், “சிமென்ட்டால நல்லா பூசி, மேல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சுட்டா ஒண்ணும் தெரியாதுக்கா” என்றார். தெரியாதுதான், ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விட்டுக் காயும். அதன் இரண்டு பக்கமும் சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஈரச் சுவர் வெப்பத்தைத் தடுக்கவும் தடுக்காது. நிலையான காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். செங்கலின் நுண்துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மண் உயர்ந்து, உள்தரை மட்டத்துக்கு மேலேயே வந்திருந்தது. பக்கத்தில் மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று இணைப்பில் கழன்று சுவரின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி இறக்கி, குழாயை மாற்றி, சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி வாட்டம் செய்தோம். உள்ளே பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே பல மாதங்கள் விட்டுவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பழைய சுவருக்குப் பொறுமைதான் மருந்து. நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரையே பூசி, சுண்ணாம்பே அடித்தோம். அந்தக் கொத்தனார் அண்ணன்தான் பூசினார், தம் அப்பாவிடம் கற்றது என்று மிக அழகாகப் பூசிக் கொடுத்தார். அந்த அறையில் இப்போது பூஞ்சை வாசனை இல்லை. குளிர்ப்பிரதேசத்துப் பழைய வீடுகளுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே வெப்பம் வெளியே போகாமல் தடுக்க வேண்டும், திசைதான் மாறுகிறது. ஆனால் ஈரத்தைச் சரிசெய்யாமல் சுவரைப் போர்த்தி மூடினால் அங்கேயும் சுவர் உள்ளுக்குள் கெடும்.

காற்றோட்டத்துக்கு வருகிறேன். ஜன்னல்களை நாள் முழுக்கத் திறந்தே வைப்பது நல்லது என்று நாம் நம்புகிறோம். வெளியே 38 டிகிரி, உள்ளே 32 என்றால், திறந்த ஜன்னல் வழியாக அனல்தான் வரும். இரண்டு சாதாரண வெப்பமானிகள் வைத்திருக்கிறேன். ஒன்று வெளியே நிழலில், இன்னொன்று கூடத்தில். உள்ளே இருப்பதைவிட வெளியே சூடாகும்போது ஜன்னலை மூடுகிறோம், வெளியே குளிரும்போது எல்லாவற்றையும் திறக்கிறோம். கீழ்த்தளத்தின் தடித்த சுவர்கள் இரவில் குளிர்ந்துவிட்டால் மறுநாள் மதியம் வரை அந்தக் குளிர்ச்சி தாங்குகிறது. இரவிலும் வெக்கை குறையாத, ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இது அவ்வளவாகப் பலிக்காது. அப்போது உடம்பின் மேல் காற்றுப் பட வேண்டும், அதற்கு விசிறிதான்.

பழைய வீட்டில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர்கள் இருந்தன. எப்போதோ தூசிக்கும் கொசுவுக்கும் பயந்து அட்டை வைத்து அடைத்து, அதன் மேல் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். அவற்றைத் திறந்து, கொசுவலை வைத்துத் தைத்தோம். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும், கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். உயர வித்தியாசம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகம். கட்டினவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். மாடிப்படி மேலே போய்ச் சேரும் கதவை இரவில் திறந்து வைத்தால் வீடு முழுவதும் காற்று இழுப்பது கையை நீட்டினாலே தெரியும். கொசுவலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால் மாதம் ஒருமுறை அதைக் கழுவிவிட வேண்டும்.

ஏசி போடப்போகும் அறைக்கு மட்டும் இதற்கு நேர்மாறான வேலை: இண்டு இடுக்கெல்லாம் அடைப்பது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவு ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. கதவின் அடிப்பக்கம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பழைய வயர் போன துளை, பரணுக்குப் பின்னால் என்று நிறைய இருந்தன. ரப்பர் பட்டையும் கொஞ்சம் காரையும் போதுமானதாக இருந்தது. கேஸ் அடுப்போ கேஸ் கீஸரோ இருக்கும் இடத்தை மட்டும் இப்படி அடைக்கவே கூடாது. காற்று போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரையே எடுத்துவிடும்.

சின்ன மாற்றங்கள் சில. 75 வாட் இழுத்த பழைய விசிறிகளை, சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிகளாக மாற்றினோம். விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை, நம் தோலில் படும் காற்றால்தான் 2, 3 டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். ஆகவே ஆள் இல்லாத அறையில் அது ஓடுவது முழு வீண். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, கதவு ரப்பரை மாற்றினோம். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், எளிதாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் தம்பியை வைத்துப் பழைய வயரிங் முழுவதையும், எர்த் உட்பட, சரிபார்த்தோம். இதைத் தள்ளிப் போடவே கூடாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஏசி. கடையில் அறையின் அளவைக் கேட்டதும், மேல் மாடி, மேற்குப் பக்கம் என்பதால் 2 டன் வேண்டும் என்றார்கள். அந்தக் கூரை 41 டிகிரியில் இருந்த காலத்துக்கு அது சரியான கணக்குதான். தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசியில் 1 டன் போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம். தேவைக்கு மேல் பெரிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிந்து எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் ஏசியே நியூயார்க்கில் ஓர் அச்சகத்துக்காகத்தான். காற்றின் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, அச்சில் வண்ணங்கள் இடம் மாறிப் போனதைத் தடுப்பதற்காக. ஈரத்தை எடுப்பது அன்றிலிருந்தே அந்த இயந்திரத்தின் பாதி வேலை. சின்ன ஏசி நிதானமாக, தொடர்ந்து ஓடி அதைச் செய்கிறது. 27 டிகிரியில் வைத்து, விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டால் அத்தை ஒரு போர்வை கேட்கிறார்.

இன்னும் பாக்கி இருப்பது பின்பக்கச் சமையலறையின் தகரக் கூரை. மழை முடிந்து தகரம் காய்ந்ததும் துருவைத் தேய்த்து எடுத்து வெள்ளை அடிக்கப் போகிறோம். அதன் கீழே, தகரத்தோடு ஒட்டாமல் இரண்டு விரல்கடை இடைவெளி விட்டு, அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பைக் கட்ட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் தாள் வெப்பக் கதிரைத் தடுக்கும், ஒட்டிவிட்டால் தடுக்காது. சட்டத்துக்கான மரத்தை என் கணவர் அறுத்து அடுக்கி வைத்துவிட்டார்.